பிக்கப் வண்டிக்குப் பெரிய பம்பு வேணுமா?

சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். போன ஐப்பசியில் மேலே இருக்கும் நண்பரின் வாழைத் தோட்டத்துக்கு ஒரு டன் தொழு உரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏழாவது வளைவு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்க மூச்சு வாங்குகிறது. முதல் கியருக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு மழையில் நின்றேன். திரும்பும்போது ஏற்ற வேண்டிய வாழைத்தார்கள் மேலே வெட்டி வைத்தபடி கிடக்கின்றன. அவை சந்தைக்குப் போகாமலே பழுத்தன.

கீழே பட்டறையில் ஒரே பேச்சுதான். "சார், இன்ஜினுக்கு டீசல் பத்தல. எலக்ட்ரிக் லிப்ட் பம்பும் பெரிய இன்ஜெக்டரும் போட்டுட்டா பறக்கும்." மதிப்பீடு 42,000 ரூபாய். வங்கியில் வாகனக் கடன் மனுக்களோடு முப்பது வருசம் குப்பை கொட்டியவன் நான். கொட்டேஷனைப் பார்த்தால் "எதுக்கு?" என்று கேட்கிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

நம்ம சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக்குத் தண்ணி போகவில்லை என்றால் உடனே பெரிய மோட்டார் வாங்குவோமா? முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்போம். வண்டியும் அதேதான். டேங்கிலிருந்து டீசல் ஃபில்டர் வழியாக வந்து உயர் அழுத்தப் பம்புக்குள் போகிறது. அங்கிருந்து காமன் ரெயில், அதிலிருந்து இன்ஜெக்டர். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1,600 பார் வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். டயரில் இருக்கும் காற்று 3, 4 பார்தான். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இந்தப் பம்புக்கு உயவு எண்ணெய் டீசல்தான். அதில் தண்ணி கலந்தால் துருப்பிடித்துத் தேயும். தேய்ந்த இரும்புத் துகள் ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் செலவை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எங்கள் ஊரில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். கால் மணி நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணி தனியாகத் தெளிந்து நின்றது. பிறகு டேங்கிலிருந்து வரும் குழாயில், பம்புக்கு முன்னால், ஒரு முழம் கண்ணாடி டியூப்பை இணைத்து ஸ்டார்ட் செய்தார். டீசலோடு காற்றுக் குமிழ்கள் ஓடின. ரப்பர் குழாய் கிளிப் மாட்டும் இடத்தில் வெடித்திருக்கிறது. காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும் என்ற தொல்லை எனக்கு இரண்டு மாதமாகவே இருந்தது. குளிர் என்று நினைத்திருந்தேன்.

தண்ணி எங்கிருந்து வந்தது? பவர் டில்லருக்காகக் கொட்டகையில் வைத்திருக்கும் டீசல் டிரம்மிலிருந்து. அவசரத்துக்கு அதிலிருந்துதான் வண்டிக்கும் ஊற்றுவேன். பாதி காலியான டிரம்முக்குள் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் தங்கும். பங்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி நான்தான்.

சரி, எதை மாற்றுவது? பெரிய இன்ஜெக்டரை முதலிலேயே தள்ளிவிட்டேன். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் மிச்சம். பி.எஸ். 6 வண்டியானால் புகைக் குழாயில் உள்ள துகள் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். வாரண்டியும் போகும்.

லிப்ட் பம்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சில வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மின் பம்பு உண்டு. அதற்கு இன்னொன்று தண்டம். சிலவற்றில் உயர் அழுத்தப் பம்புதான் டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். அந்த மாதிரி வண்டியில், குழாய், ஃபில்டர் எல்லாம் சுத்தமாக இருந்தும் ஏற்றத்தில் டீசல் பற்றவில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்தால் போடலாம். ஆனால் கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு மேல் தள்ளக் கூடாது, சீல் போய்விடும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ரிலே கட்டாயம். முக்கியமாக, வெடித்த குழாயை மாற்றாமல், அதற்கு முன்னால் டேங்க் பக்கமாகப் பம்பு போட்டால், இதுவரை காற்று உள்ளே போன ஓட்டை வழியாக டீசல் வெளியே பீய்ச்சும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் அது நல்லதில்லை.

நான் போட்டது, அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள தண்ணி பிரிப்பான் ஒன்று. டேங்குக்கும் பழைய ஃபில்டருக்கும் நடுவில். இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். முன்னால் போடுவது 10 முதல் 30 மைக்ரான் வரை இருந்தால் போதும். 2, 5 மைக்ரான் சலிப்பு பின்னால் இருக்கும் ஃபில்டரின் வேலை. நுண்ணிய ஃபில்டரை முன்னால் மாட்டினால் உறிஞ்சுவதே சிரமம். இரண்டாவது, வண்டி எரிக்கும் டீசலை வைத்து ஃபில்டர் அளவு பார்க்காதீர்கள். எரிவதைவிடப் பல மடங்கு டீசல் சுற்றி டேங்குக்கே திரும்புகிறது. அந்த மொத்த ஓட்டத்தையும் தாங்குவதாக இருக்க வேண்டும். பிரிப்பான், புது ஃபில்டர், குழாய், டேங்க் கழுவியது, கூலி எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய் ஆனது.

"புங்க எண்ணெய் ஊத்தலாமா?" என்று நம் கூட்டங்களில் கேட்கிறார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயைக் காமன் ரெயில் வண்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள், அவ்வளவு கெட்டி. முறையாகத் தயாரித்த பயோடீசல் வேறு சமாச்சாரம். அதுவும் டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து முதல் ஃபில்டரை அடைக்கும். டீசலைவிட ஈரத்தையும் அதிகம் பிடிக்கும். கம்பெனி அனுமதித்த அளவுக்கு மேல் வேண்டாம்.

கார்த்திகையில் அதே ஒரு டன் உரத்தோடு ஏறினேன். ஏழாவது வளைவில் இரண்டாவது கியரிலேயே போய்விட்டது. டிரம்மைத் தூக்கிப்போட வீட்டில் சம்மதிக்கவில்லை, டில்லருக்கு வேணுமாம். இப்போது குழாயை அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் கட்டித்தான் எடுக்கிறோம். வண்டிக்கு அதிலிருந்து ஒரு சொட்டு கிடையாது.