பட்டுப் புடவையா, பயணமா?

உங்கள் வீட்டில் ஐயாயிரம் ரூபாய் மீந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், கடன் எல்லாம் போக மீந்த பணம் அது. அதைக் கொண்டு வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கலாமா, அல்லது குடும்பத்தோடு எங்கேனும் போய் வரலாமா? "பொருள் என்றால் பத்து ஆண்டு உழைக்கும், ஊருக்குப் போனால் இரண்டே நாளில் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று வீட்டில் ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார். கணக்கின்படி அவர் சொல்வது சரியே. ஆனால், மனம் போடும் கணக்கு வேறு என்கிறார்கள் உளவியல் அறிஞர்கள்.

இதைப் பற்றி நாம் காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு சிந்திக்கலாம். திருமணத்துக்குப் பட்டெடுக்க அவ்வூருக்கு வருவோர் பலர். ஒன்றும் வாங்காமல், கோயில்களைக் கண்டுவிட்டு மட்டும் திரும்புவோரும் பலர். பொருளும் பயணமும் சந்திக்கும் ஊர் அது.

ஒரு கோடிப் பேர் கண்ட காட்சி

2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் தரிசனம் தொடங்கியது. அத்தி மரத்தாலான இந்தத் திருமேனி, கோயில் குளத்து நீரின் அடியில் வைக்கப்பட்டிருப்பது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வெளியே எடுக்கப்படும். 1939, 1979 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு 2019 இல் எடுக்கப்பட்டது. அடுத்தது 2059 இல். ஆகஸ்டு 16 வரை நடந்த தரிசனத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிடப்பட்டது.

அவர்களுள் பலர் மணிக்கணக்கில் வெயிலில் வரிசையில் நின்றனர். கண்டதோ சில நொடிகள். வீட்டுக்கு எடுத்துச் சென்றது எந்தப் பொருளும் அன்று, நினைவு ஒன்றே. 1979 இல் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவர் சிறுமியர், தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 2019 இல் மீண்டும் வந்தனர். நாற்பது ஆண்டு அந்த நினைவு தேயாமல் இருந்தது. அந்த 1979 இல் வாங்கிய வானொலிப் பெட்டி என்னவாயிற்று என்று கேட்டால், அவர்களுள் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

தறியின் ஓசை ஏன் கேட்பதில்லை?

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வாழும் தெருவில் நடந்து சென்றால், கைத்தறியின் 'டக், டக்' என்னும் ஓசை உங்கள் காதில் விழும். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். "ஓசையா? பழகிவிட்டது" என்பார். மாறாமல் தொடரும் ஒன்றை மூளை மெல்ல மெல்லக் கவனத்திலிருந்து விலக்கிவிடுகிறது. புதிதாக வரும் செய்திக்கு இடம் வேண்டும் அல்லவா?

மகிழ்ச்சிக்கும் இது போன்ற பழக்கம் உண்டு. 1978 இல் அமெரிக்காவில் பிரிக்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரை ஆராய்ந்தனர். பரிசு பெறாத மற்றவர்களைவிட இவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அதுமட்டுமன்று; அன்றாட வாழ்வின் சிறு இன்பங்களை அவர்கள் முன்னைவிடக் குறைவாகவே சுவைத்தனர்.

புதிய நாற்காலி முதல் வாரம் கண்ணில் படும். மூன்றாம் மாதம் அதன் மேல் துணி கிடக்கும். பொருள் எப்போதும் நம் கண்முன் இருப்பதே அதன் குறை! பயணமோ பழகிப் போவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆய்வு சொல்வது என்ன?

வான் போவன், கில்லோவிச் என்னும் இரு உளவியலார் 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மகிழ்ச்சியை நாடிச் செய்த செலவுகளில் ஒரு பொருளையும், ஓர் அனுபவத்தையும் நினைத்துப் பார்க்கும்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கேட்டனர். 57 சதவீதத்தினர் அனுபவமே அதிக மகிழ்ச்சி தந்தது என்றனர். பொருள் என்றவர்கள் 34 சதவீதத்தினர்.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பயணம் பெரும்பாலும் பிறரோடு சேர்ந்து செய்வது. பிறகு சொல்லிச் சொல்லி மகிழக்கூடியது. இரண்டாவது, பொருளை ஒப்பிடுவது எளிது. அடுத்த வீட்டார் அதே பொருளை இன்னும் மலிவாக வாங்கினார் என்று தெரிந்தால் மனம் சுருங்கும். நீங்கள் கண்ட கோயிலை அவர் கண்ட அருவியோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? மூன்றாவது, காத்திருப்பு. பொருளுக்காகக் காத்திருக்கையில் பொறுமையின்மை மிகுதி. பயணத்துக்காகக் காத்திருக்கும் நாள்களே இன்பமாக இருக்கின்றன என்று 2014 இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

சரி, வரிசையில் நின்று பட்ட துன்பம் என்னவாகிறது? இங்கே 1993 இல் கானமன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை ஒன்று உதவும். 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு கையை 60 நொடி வைக்கச் சொன்னார்கள். மற்றொரு முறை, மற்றக் கையை அதே போல் 60 நொடி வைத்து, மேலும் 30 நொடி நீட்டித்தார்கள். அந்த 30 நொடியில் நீர் ஒரே ஒரு டிகிரி வெதுவெதுப்பாக்கப்பட்டது. 'இவற்றுள் எதை மீண்டும் செய்வீர்கள்?' என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட துன்பத்தையே தேர்ந்தனர். காரணம், அதன் முடிவு சற்று இதமாக இருந்தது! நினைவு, நேரத்தை அளப்பதில்லை; உச்சத்தையும் முடிவையும் பொறுக்கி வைத்துக்கொள்கிறது. ஐந்து மணி நேர வரிசையும் ஐந்து நொடிக் காட்சியும் மனத்தில் எப்படிப் பதியும் என்பதை இதிலிருந்து ஓரளவு உணரலாம்.

எல்லார்க்கும் பொருந்துமா?

இவ்விடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அனுபவம் கெட்டுப்போனால் அதன் கசப்பும் நீடிக்கிறது. 2019 தரிசனத்தின்போது நெரிசலில் உயிரிழப்புகள் நேர்ந்ததையும் நாம் மறக்கலாகாது.

மேலும், 2018 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஒரு முக்கியமான உண்மையைச் சுட்டியது. வசதி படைத்தோர்க்குத்தான் அனுபவம் கூடுதல் மகிழ்ச்சி தருகிறது. வசதி குறைந்தோர்க்குப் பொருள் தரும் மகிழ்ச்சி அதற்கு இணையாகவோ கூடுதலாகவோ இருக்கிறது. இதில் வியப்பென்ன? வேர்வை வடியத் தறியில் உட்காரும் ஒருவர்க்கு மின்விசிறி ஆடம்பரமன்று. பள்ளி தொலைவிலிருக்கும் பிள்ளைக்கு மிதிவண்டி வெறும் பொருளன்று. தேவை தீர்ந்த பிறகே இந்தக் கேள்வி பிறக்கிறது. கடன் வாங்கிச் சுற்றுலா போனால், தவணை கட்டும் மாதங்களும் அந்த நினைவோடு ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியில் உறங்கும் பட்டு

அப்படியானால் காஞ்சிப் பட்டு தோற்றுவிட்டதா? இல்லை. சற்று எண்ணிப் பாருங்கள். கோர்வை முறையில் நெய்த காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து இணைக்க மூன்று நாடாக்கள் வேண்டும். வழக்கமாக உதவிக்கு இன்னோர் ஆளும் வேண்டும். நாள் கணக்கில் இருவர் உழைத்த அந்தப் புடவையை நம் அம்மாமார் எப்படி வைத்திருக்கிறார்கள்? துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஆண்டில் இரண்டொரு முறையே எடுத்து உடுத்துகிறார்கள். எனவே அது பழகிப் போவதில்லை. எடுத்துப் பிரிக்கும்போதெல்லாம் கடைக்குப் போன நாள், நிறத்துக்காக நடந்த வாக்குவாதம், இன்று இல்லாத பாட்டி தொட்டுப் பார்த்து 'இதுவே இருக்கட்டும்' என்றது எல்லாம் மடிப்போடு சேர்ந்து வெளியே வருகின்றன. அது பொருள் வடிவில் இருக்கும் ஒரு நினைவு.

ஆகவே, 'பொருளா, பயணமா' என்பதை விட நல்ல கேள்விகள் மூன்று உள்ளன. இதை யாரோடு பகிர்ந்துகொள்வேன்? இது விரைவில் பழகிப் போகுமா? பத்து ஆண்டு கழித்து இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஏதேனும் இருக்குமா?

நல்ல பயணத்துக்குப் பெரும்பணமும் தேவையில்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் பேருந்து ஏறினால், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைக் கண்டு மாலையில் வீடு திரும்பலாம். போகும்போது தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்லும் கதைகளை இன்று கேட்டுக்கொண்டால்தான், 2059 இல் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல முடியும்.