சாமியாருக்கு ஓய்வு உண்டா?

வாத்தியாருக்கு ஓய்வு உண்டு. தபால்காரருக்கு ஓய்வு உண்டு. ரெயில் டிரைவருக்கும் உண்டு.

மாதா கோவில் சாமியாருக்கு?

சித்தையன்கோட்டை வட்டாரத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, கோவிலும் இருக்கிறது. அதே ஆத்தூர்ப் பக்கம்தான் பஞ்சம்பட்டி. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். அங்கே போய், "உங்கள் பங்குச் சாமியாருக்கு என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

பூசை வைப்பது மட்டுமா வேலை? ஞானஸ்நானத்துக்கு அவர் வேண்டும். கல்யாணத்துக்கு அவர் வேண்டும். நடுராத்திரியில் ஒருவர் சாகக் கிடந்தால், அவரைத்தான் எழுப்ப வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு என்றாலும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் முழங்கால் மடங்க மறுக்கிறது. அல்லது நெஞ்சு வலிக்கிறது. அல்லது கண் மங்குகிறது. "இனி என்னால் முடியாது" என்கிறார்.

பெண்டாட்டி இல்லை. பிள்ளை இல்லை. அவர் எங்கே போவார்?

மதுரைக்கு வந்த ரோமாபுரிக்காரர்

இந்தக் கேள்வி புதிதல்ல. சுமார் 380 வருஷங்களுக்கு முன்பே நமக்குப் பக்கத்தில், மதுரையில் எழுந்தது.

ராபர்ட் தெ நோபிலி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தத்துவ போதகர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டவர். ரோமாபுரியில் 1577-ல் பிரபு குடும்பத்தில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து சாமியாரானார். 1606-ல் மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் துரை மாதிரி இருக்கவில்லை. காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். ஒருநாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் படித்தார். தமிழில் 'ஞானோபதேச காண்டம்' முதலிய உரைநடை நூல்களை எழுதினார். மதுரை என்றும் திருச்சி என்றும் சேலம் என்றும் ஏறக்குறைய 40 வருஷம் அலைந்தார்.

அவருக்குக் கண் மங்கியது.

எழுதுகிறவருக்குக் கண் போவதை விடப் பெரிய தண்டனை உண்டா? வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்தார்.

சும்மா உட்கார்ந்தாரா? இல்லை! அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1656-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி மயிலாப்பூரில் காலமானார். மதுரையை விட்டுப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

75 வயது

அந்தக் காலத்தில் ஓய்வுக்கு என்று வயது கிடையாது. உயிர் உள்ளவரை பங்கைக் கட்டி இழுத்த சாமியார்கள் எத்தனையோ பேர்.

ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் இதைப் பற்றி யோசித்தது. முதுமையாலோ வேறு பெரிய காரணத்தாலோ வேலையைச் செய்ய முடியாத பங்குச் சாமியார்கள், தாங்களாகவே விலக முன்வர வேண்டும் என்றது. மறுவருஷமே 75 வயது என்று கணக்கு வைத்தார்கள். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்திலும் அது இருக்கிறது. 75 ஆனதும் சாமியார் ராஜினாமாக் கடிதத்தை மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம் கொடுக்க வேண்டும். ஏற்பதும் தள்ளிவைப்பதும் ஆயர் இஷ்டம். உடம்பு முடியவில்லை என்றால் 75 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலகியவரின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆயர் வழி செய்ய வேண்டும். அதுவும் சட்டம். தெருவில் விட முடியாது. திண்டுக்கல் 2003-ல் தனி மறைமாவட்டம் ஆனது. ஆகையால் இந்தப் பக்கத்துச் சாமியார்களின் கடிதம் இப்போது திண்டுக்கல் ஆயரிடம்தான் போகும்.

கடிதம் கொடுப்பது சுலபம். ஊரை விடுவதுதான் கஷ்டம். "எங்கள் சாமியாரை அனுப்பாதீர்கள்" என்று ஜனங்கள் மனுவோடு கிளம்பிவிடுவார்கள். அன்புதான். ஆனால் படி ஏறவே மூச்சு வாங்குகிறவரை, "இன்னும் ஒரே ஒரு திருவிழா இருங்கள் சாமி!" என்று கெஞ்சுவது என்ன நியாயம்?

போப்பாண்டவரும் விலகினார்

"விலகினால் கெளரவக் குறைச்சல்" என்று நினைத்த காலமும் உண்டு. அந்த நினைப்பை உலகமே பார்க்க உடைத்தவர் போப்பாண்டவர் 16-ம் பெனடிக்ட்.

2013 பிப்ரவரி 11-ந் தேதி. கர்தினால்மார் வேறு விஷயத்துக்காகக் கூடியிருந்தார்கள். அவர் ஒரு தாளை எடுத்து லத்தீன் மொழியில் வாசித்தார். முதுமையால் மனபலமும் உடல்பலமும் குறைந்துவிட்டன, பதவியை விடுகிறேன் என்றார். அப்போது அவருக்கு வயது 85. லத்தீன் தெரிந்த ஒரு பெண் நிருபர்தான் விஷயத்தைப் பிடித்து உலகத்துக்குச் சொன்னார்! (படித்த படிப்பு வீண் போகாது பாருங்கள்.) ஏறக்குறைய 600 வருஷமாக எந்தப் போப்பாண்டவரும் இப்படி விலகியதில்லை. பிறகு வத்திக்கானிலேயே ஒரு மடத்தில் அமைதியாக வாழ்ந்து, 2022 டிசம்பர் 31-ந் தேதி காலமானார்.

பங்கு போகும், பட்டம் போகாது

பங்கை விட்டவர் சாமியார் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. கோவில் சாவியும் கணக்குப் புஸ்தகமும் புதியவரிடம் போகும். குருப்பட்டம் அவரிடமே இருக்கும். உடம்பு இடம் கொடுத்தால் பூசை வைக்கலாம்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்துகொண்டே பூசை வைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஜனங்கள் முன்னால் அப்படிச் செய்ய ஆயர் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். கண் தெரியாதவருக்கும் இடம் இருக்கிறது. அனுமதி பெற்ற எந்தப் பூசை ஜெபத்தையும் அவர் சொல்லலாம். பக்கத்தில் வேறொரு சாமியார் நின்று உதவலாம். சாமியார் கிடைக்கவில்லையா? முறை தெரிந்த ஊர்க்காரர் ஒருவரே கை பிடித்து நிற்கலாம்.