ஜீப்பின் இடுப்பில் ஒரு ரப்பர்த் துண்டு

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வரும் நெடுஞ்சாலையில், ஓசூர் செல்லும் சாலை பிரியும் ஊர் அதியமான்கோட்டை. தார்ச்சாலையை விட்டு இறங்காத கார்களும் லாரிகளும் இவ்வழியே ஓயாமல் ஓடுகின்றன. கல்லும் பள்ளமுமான மலைப்பாதைகளில் ஏறியிறங்கும் ஜீப்புகளையும் இம்மாவட்டத்தில் காணலாம். இந்த இரண்டாம் வகை வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். "மவுண்டிங் போய்விட்டது" என்ற சொல் அடிக்கடி காதில் விழும்.

மவுண்டிங் என்பது கியர்ப்பெட்டிக்கு அடியில் இருக்கும் கையளவு ரப்பர்த் துண்டுதான். இரும்பாலான வண்டியில் ஒரு ரப்பர் துண்டு கிழிந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். செங்குத்தான இறக்கத்தில் கியர் தானாக விலகிக்கொண்டால், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் உதவி அந்த நொடியே அற்றுப்போகும். ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் இது உயிர்ப் பிரச்சினை.

இரண்டு பெட்டிகள்

சாதாரணக் காரில் ஒரு கியர்ப்பெட்டி உண்டு. நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் ஜீப்பில் அதன் பின்னால் இன்னொரு பெட்டியும் உண்டு. மெக்கானிக்குகள் இதை 'டிரான்ஸ்பர் கேஸ்' என்பார்கள். நாம் பகிர்வுப் பெட்டி என்போம். எஞ்சினின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பது இதன் முதல் வேலை. ஏற்றத்தில் சக்கரங்களை இன்னும் மெதுவாகவும் வலுவாகவும் சுழலச் செய்வது இரண்டாவது வேலை.

நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் பல்லாண்டுக் காலம் இங்கேயே தயாரித்த சி.ஜே.-3பி வகையில், பகிர்வுப் பெட்டி கியர்ப்பெட்டியின் வாலில் நேராகப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின், கியர்ப்பெட்டி, பகிர்வுப் பெட்டி மூன்றும் சேர்ந்து ஒரே உடல். அந்த உடலை முன்னே இரண்டு ரப்பர்களும், பின்னே குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு ரப்பரும் தாங்குகின்றன.

திருப்பினால் திருப்பும்

கையில் பிடித்துத் துளையிடும் மின்கருவியின் முனை மரத்தில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? கருவியே எதிர்த்திசையில் திரும்பி உங்கள் மணிக்கட்டை முறுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. ஜீப்பின் பெட்டி புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒரு பக்கம் திருப்புகிறது. ஷாஃப்ட் பெட்டியை மறுபக்கம் திருப்புகிறது. இங்கே உங்கள் மணிக்கட்டின் இடத்தில் இருப்பவை மவுண்டிங் ரப்பர்கள்.

எவ்வளவு வலுவாகத் திருப்பும் என்று கணக்கிடுவோம். பழைய பெட்ரோல் ஜீப் எஞ்சினின் திருப்புவிசை ஏறத்தாழ 150 நியூட்டன்-மீட்டர். முதல் கியர் இதை 2.8 மடங்காக்குகிறது: 420. பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை மேலும் 2.46 மடங்காக்குகிறது: சுமார் 1030. தாங்கிகள் இரண்டும் அரை மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், ஒன்றை மேலே இழுக்கும் விசையும் மற்றதைக் கீழே அழுத்தும் விசையும் ஏறத்தாழ 2060 நியூட்டன், அதாவது 210 கிலோகிராம் எடைக்குச் சமம். டாப் கியரில் தார்ச்சாலையில் ஓடும்போது இது 30 கிலோகிராம் அளவுதான். கரட்டுப் பாதை ரப்பரிடம் ஏழு மடங்கு வேலை வாங்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ரிவர்ஸ் கியரில் இவ்விசையின் திசை மாறிவிடும். சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கும்போது, ரப்பர் மாறி மாறி இழுபட்டும் நசுங்கியும் சோர்ந்துபோகிறது.

மென்மையா, கடினமா?

அப்படியானால் ரப்பரை எடுத்துவிட்டு இரும்பாலேயே கட்டிவிடலாமே? கூடாது. எஞ்சினின் அதிர்வைச் சட்டத்துக்குப் போகாமல் தடுப்பதும் மவுண்டிங்கின் கடமை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 முறை அதிர்கிறது. சுருள்வில்லில் தொங்கும் எடைபோல, ரப்பரின் மேல் அமர்ந்த எஞ்சினுக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. எடையால் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அது நொடிக்கு 16. இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால் 10. இவை 25ஐ விடக் குறைவு. ஆகவே அதிர்வு ஓரளவேனும் தடுக்கப்படும். ரப்பர் கால் மில்லிமீட்டரே அமுங்கும் அளவுக்குக் கடினமானால் இயல் அதிர்வெண் 32 ஆகி 25ஐ நெருங்கிவிடும். ஒத்ததிர்வுக்கு அருகே வந்தால் அதிர்வு குறையாது, பெருகும். தேய்ந்த மவுண்டிங்குக்குப் பதிலாக நூலிழைகள் கொண்ட பழைய டயர்த் துண்டை வைத்தால் வண்டி நடுங்குவதன் காரணம் இதுவே.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளில் தொல்லை இன்னும் அதிகம். அமுக்க விகிதம் பழைய பெட்ரோல் ஜீப்பில் சுமார் 7. டீசலில் 17 முதல் 23 வரை. ஒவ்வொரு அடியும் பலமாக விழும்.

மூன்று புள்ளிகள் ஏன்?

நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது ஜீப்பின் நீண்ட சட்டம் முறுக்கிக்கொள்கிறது. மூன்று இடங்களில் ரப்பர்மேல் அமர்ந்த பெட்டிக்கு இதனால் கேடில்லை. நான்கு மூலைகளிலும் இறுக்கிக் கட்டினால் சட்டத்தின் முறுக்கு பெட்டியின் வார்ப்போட்டுக்குள் நுழையும். வார்ப்பு வளையாது, வெடிக்கும். "இன்னும் ஒரு பிராக்கெட் சேர்த்து வெல்டு வைத்தால் பலம்" என்ற எண்ணம் பல வேளைகளில் பலவீனத்தையே தருகிறது.

ஜிப்சியின் வழி

1985ஆம் ஆண்டு வந்த மாருதி ஜிப்சி வேறு முறையைக் கையாண்டது. அதில் பகிர்வுப் பெட்டி தனியே பின்னால், தனக்கென மூன்று ரப்பர்களில் அமர்ந்திருக்கும். கியர்ப்பெட்டியோடு அதை ஒரு குட்டை ஷாஃப்ட் இணைக்கும். ஆகவே எதிர்விசையும் பங்கு பிரிகிறது. கியர்ப்பெட்டி தன் பங்கை எஞ்சின் தாங்கிகளிடம் கொடுக்கிறது. பகிர்வுப் பெட்டி தான் பெருக்கிய பகுதியைத் தன் மூன்று ரப்பர்களிடம் கொடுக்கிறது. பெட்டி சிறியது, ரப்பர்களும் சிறியவை. தாழ்நிலையில் அவற்றின் மேல் விழும் சுமையோ பெரிது. கடும்பாதையில் அடிக்கடி ஓடும் ஜிப்சிகளில் இந்த ரப்பர்கள் கிழிவதில் வியப்பில்லை.

ரப்பர் தளர்ந்தால்

பழைய ஜீப்பில் கியர் லீவர்கள் பெட்டியின் மேலேயே நிற்கின்றன. பெட்டி இறங்கியோ சாய்ந்தோ போனால், லீவர் தரைத்தகட்டின் ஓரத்தில் இடித்துக் கியரை வெளியே தள்ளக்கூடும். கிளட்ச் மிதி சட்டத்தில் இருக்கிறது. கிளட்ச்சோ எஞ்சினோடு ஆடுகிறது. ஆகவே வண்டி உதறி உதறிக் கிளம்பும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் சாய்வாகச் சுழலும்போது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். 10 பாகைச் சாய்வில் இம்மாறுபாடு மேலும் கீழும் ஒன்றரை விழுக்காடு. 20 பாகையில் 6 விழுக்காடு. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நேராக்கிவிடும். பெட்டியின் வால் இறங்கினால் இச்சமன் கெடும். வண்டியை உயர்த்திக் கட்டியவர்கள் ஷாஃப்டின் சாய்வைக் குறைப்பதற்காகக் குறுக்குச் சட்டத்தை இறக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. இரு கோணங்களையும் அளந்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. பகிர்வுப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. சரிவில் நிறுத்திய வண்டியைப் பிடித்திருக்கும் திருப்புவிசையும் அந்தப் பெட்டியின் வழியாகவே தாங்கிகளுக்கும் சட்டத்துக்கும் போகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

வண்டிக்கு அடியில் பாருங்கள். ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்திருக்கிறதா? போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? எண்ணெய் சொட்டுகிறதா? இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி வலுவிழக்கும்; ஆகவே கசிவை நிறுத்தாமல் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கடப்பாரையால் பெட்டியை மெல்ல நெம்பிப் பார்த்தால் தளர்வு தெரிந்துவிடும். ஒரு ரப்பர் கிழிந்திருந்தால் மற்றவையும் அதன் சுமையைச் சுமந்து களைத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கியர்கள் விசையைப் பெருக்கித் தருவதை நாம் வியக்கிறோம். பெருகிய விசைக்கு ஈடான எதிர்விசையை எங்கோ ஒன்று தாங்கியாக வேண்டும். மலைப்பாதைக்குக் கிளம்புமுன் அந்த எளிய ரப்பரை ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.