மூன்று பிரிக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன்

ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொருள்களின் உள்ளமைப்பைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர். புது இடத்தில் எதை எடுத்து ஆராய்வது என்பதுதான் கேள்வி. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் அதற்கு ஒரு வழி காட்டினார்: கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை, அதை எடுத்துப் பாருங்களேன். புரத வேதியியலின் பெரிய தலை லைனஸ் பாலிங் 1951-ல் ஒரு மாதிரி கொடுத்திருந்தார். அது தவறு.

மூலப்பொருளுக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே, அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோலின் பெரும்பகுதி கொலாஜன்தானே. அங்கிருந்து கிடைத்தவற்றில் ஒன்று கங்காருவின் வால் தசைநாண். அதன் இழைகள் ஒரே சீராகப் படிந்திருந்ததால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது. ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்ட்டில் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு அது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட சுருளாக்கினார்கள்.

தோலில் மட்டும் இல்லை கொலாஜன்; எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக் குழாய்ச் சுவர் என உடம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இடத்திலெல்லாம் இருக்கிறது. பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கு இது ஒன்றே. அணுக்கள் எப்படிக் கைகோக்கின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல புரதம் கிடைப்பது கடினம்.

கார்பன் அணுவின் வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான்கள். நிறைவதற்கு இன்னும் நான்கு வேண்டும். பக்கத்து அணுவோடு எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்கிறது, அதுதான் சகப்பிணைப்பு. இரண்டு கார்பன்களுக்கு இடையிலான அத்தகைய பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 83 கிலோ கலோரி தேவை. உடல் வெப்பத்தில் அது தானாக அறுந்துவிடாது. அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்பும் இந்த வகைதான்.

ஹைட்ரஜன் பிணைப்பு வேறு ரகம். நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரானை நைட்ரஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஹைட்ரஜனில் லேசாக நேர்மின் தன்மை தங்குகிறது. எதிரே எலக்ட்ரான் மிகுந்த ஆக்சிஜன் இருந்தால் அதன்மேல் ஈர்ப்பு. இதன் வலிமை சகப்பிணைப்பில் பதினைந்து, இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு அளவுக்குத்தான். இவ்வளவு நோஞ்சானான ஒன்றை நம்பித்தான் புரதங்கள் தங்கள் வடிவத்தை வைத்திருக்கின்றன. கொலாஜனின் மூன்று சங்கிலிகளுக்கு இடையே அப்படி ஆயிரம் வரை இருக்கின்றன. ஒன்று விட்டால் மற்றவை பிடித்திருக்கும், விட்டதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ராமச்சந்திரனுக்குப் பிடி கொடுத்தது பழைய ரசாயனக் கணக்கு ஒன்று. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். இருபது அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது அது. மற்றவற்றில் பக்கக் கிளை இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு வெறும் ஒரு ஹைட்ரஜன். மூன்றில் ஒன்று என்பது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கினால் நடுவில் இடமே இராது. ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் அந்த நடு அச்சைத் தொட்டே ஆக வேண்டும். ஒற்றை ஹைட்ரஜனைத் தவிர வேறெதுவும் அங்கே நுழையாது.

தென்னை நாரில் கயிறு திரிப்பவர்கள் பிரியை ஒரு பக்கம் முறுக்கி, பிரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப் பக்கம் முறுக்குவார்கள். இல்லாவிட்டால் கயிறு பிரிந்துபோகும். கொலாஜனும் அப்படியே. தனிச் சங்கிலி இடப்புறமாகச் சுருள்கிறது; மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுற்றிக்கொள்கின்றன.

இந்தக் கண்டுபிடிப்போடு ஒரு தகராறும் வந்தது. மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது சென்னையின் மாதிரி. அப்படி வைத்தால் சில அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும், ஒரு பிணைப்புதான் இருக்க முடியும் என்றார்கள் விஞ்ஞானிகள் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? ராமச்சந்திரன் குழு உட்கார்ந்து அதைத் தேடித் தொகுத்தது. பெப்டைடு பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் கொண்டது. சாதாரண கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு 1.47 ஆங்ஸ்ட்ராம் நீளம் என்றால் இது 1.33 தான். அதனால் அது திருகாது. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டே. அந்த இரண்டு கோணங்களில் எவையெல்லாம் அணுக்கள் இடிக்காமல் அமையும் என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் அவர் வரைந்த படம்தான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. உலகில் எந்த ஆய்வகத்தில் புதிய புரத அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டாலும் இன்றும் இந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். தகராறில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான் நின்றது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். ஆனால் தோற்ற வாதத்திலிருந்து பிறந்த வரைபடம் வென்ற வாதத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

கிளைசின் விஷயத்தில் அவர் கணிப்பு அப்படியே நிரூபணமானது. 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிக அமைப்பு வெளியானது. அதில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்திருந்தார்கள். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெத்தில் தொகுதி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்து, சங்கிலிகள் விலகி, நேரடிப் பிணைப்புக்குப் பதிலாக நீர் மூலக்கூறுகள் இடையில் வந்து உட்கார்ந்திருந்தன. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு சட்டென்று முறியும் நோய் உண்டு. அவர்களில் பலருக்கு ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலம் கொண்ட சங்கிலியில் ஒரு கிளைசின்தான் மாறியிருக்கிறது.

பிணைப்பு நழுவினால் உடம்பு என்ன ஆகும் என்பதைக் கடல் பயணிகள் அனுபவித்தே அறிந்தார்கள். 1740-ல் கிளம்பிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஆன்சனின் கப்பல் பயணக் குறிப்பில் ஒரு மாலுமி வருகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்ட காயம் ஆறி, தழும்பாகி, அவரே மறந்திருக்கக்கூடிய காலம். வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோய் தாக்கியதும் அந்தக் காயம் புதிதாக வாய் பிளந்தது. பழைய எலும்பு முறிவு கூடாதது போல் விலகிவிட்டது.

தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. அதிலுள்ள கொலாஜன் சிதைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. சங்கிலியில் கோத்த பிறகு செல் அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்கள் பலவற்றில் ஓர் ஆக்சிஜனைச் செருகி ஹைட்ராக்சிபுரோலின் ஆக்குகிறது. இதைச் செய்யும் நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு. அது எலக்ட்ரானை இழந்து முடங்கிவிடும்போது ஒன்றைக் கொடுத்துத் திரும்ப ஓட வைப்பது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் ஏறாது. ஆக்சிஜன் ஏறாத கொலாஜனின் முறுக்கு சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். மனித உடம்போ 37 டிகிரி.

அந்த ஆக்சிஜன் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துச் சுருளைக் காக்கிறது என்றே பாடநூல்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 1998-ல் வேதியியலாளர் ரொனால்ட் ரெய்ன்ஸின் குழு அங்கே ஃபுளோரினை வைத்துப் பார்த்தது. ஃபுளோரின் ஹைட்ரஜன் பிணைப்பில் மட்டம். ஆனாலும் சுருள் முன்னைவிட உறுதியானது. ஆக, எலக்ட்ரானை இழுத்து புரோலின் வளையத்தைத் தோதான வளைவில் நிறுத்துவதுதான் ஆக்சிஜனின் முக்கிய வேலை.

வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளின் பிழைப்பும் இந்தப் பிணைப்புகளில்தான். பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருண்டு குறுகும். முன்பு ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். அதன் டானின்கள் இழைகளுக்கு நடுவே புகுந்து ஏகப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போடும். குரோமியம் வந்த பின் கதையே வேறு. அது கொலாஜனின் அமிலக் கிளைகளைப் பற்றிக்கொண்டு இழைக்கு இழை பாலம் கட்டுகிறது. ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் பதம் சரி.

ஆட்டுக்கால் சூப் இதற்கு நேர் எதிரான வேலை. மணிக்கணக்கில் கொதிக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டு மூன்று சங்கிலிகளும் தனித்தனியே நீரில் கரைகின்றன. பெப்டைடு பிணைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் அது கெட்டியாக ஆடுகிறது. குளிரில் சங்கிலிகள் ஜோடி தேடித் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு, நீரை நடுவில் சிறைபிடித்துவிட்டன, அதுதான் ஜெலட்டின். பழைய ஒழுங்கு திரும்புவதில்லை. செல்லுக்குள் மூன்று சங்கிலிகளையும் நுனியில் சேர்த்துப் பிடித்து முறுக்கைத் தொடங்கிவைத்த துண்டுகள் எப்போதோ வெட்டி நீக்கப்பட்டவை. முற்றின ஆட்டின் கறி வேக நேரமாவதற்கும் காரணம் உண்டு. வயது ஏற ஏறக் கொலாஜன்களுக்கு இடையே வெப்பத்துக்கு அசையாத சகப்பிணைப்புப் பாலங்கள் கூடுகின்றன.

இப்போது டப்பாவில் அடைத்து முக அழகுக்கென்று விற்கும் கொலாஜன் பவுடரும் ஏறக்குறைய இந்த சூப்பின் உறவுதான். சங்கிலியை இன்னும் சிறு துண்டுகளாக நறுக்கியிருப்பார்கள். மிச்சத்தைக் குடலின் நொதிகள் நறுக்கும். ரத்தத்தில் போய்ச் சேர்வது அமினோ அமிலங்களும் குட்டித் துண்டுகளும். கன்னத்துக்குப் போ என்று அவற்றில் விலாசம் எழுதியிருக்காது. கொலாஜன் வேண்டுமென்றால் செல் முதலிலிருந்து கோக்க வேண்டும், புரோலினில் ஆக்சிஜன் ஏற்ற வேண்டும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். ஒரு பெரிய நெல்லிக்காயில் அது தாராளமாக இருக்கிறது.