நிசாவை ‘முதல் தலைநகர்’ என்பது சரியா?

பார்த்தியப் பேரரசின் தலைநகர் நிசாவா, ஹெகாடோம்பைலோஸா, டெசிஃபோனா என்று வாசகர் கடிதங்கள் தொடர்ந்து கேட்பதற்குக் காரணம், துர்க்மெனிஸ்தானில் அஷ்காபாத் அருகே உள்ள பழைய நிசாவைச் சுற்றுலா அறிமுகங்கள் ‘முதல் தலைநகர்’ என்று தயக்கமின்றி அறிவிப்பதே. 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கோட்டை, பார்த்தியரை ஆண்ட அர்சாசிட் அரச மரபுக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து பேரரசு ஆளப்பட்டது என்பதற்கான சான்று மிக மெலிவானது.

சோவியத் அகழாய்வாளர்கள் அங்கே கண்டெடுத்த 2,500-க்கும் மேற்பட்ட ஓட்டெழுத்துகள், அதாவது பானைத் துண்டுகளில் மையால் எழுதிய குறிப்புகள், பெரும்பாலும் கி.மு. முதல் நூற்றாண்டின் திராட்சை மது வரவுக் கணக்குகளே. தாழியில் உள்ள மது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எவ்வளவு, யார் கொண்டுவந்தார், கி.மு. 247-இல் தொடங்கும் அர்சாசிட் ஆண்டுக்கணக்கில் எந்த ஆண்டு என்பவற்றோடு, அது புதியதா, பழையதா, காடியாகிவிட்டதா என்பதையும் கிடங்குக் கணக்கர்கள் குறித்துவைத்தனர். இவற்றுள் கூர்ந்து நோக்க வேண்டியது தோட்டங்களின் பெயர்களாகும்: ஃபிரியாபதிகான், மித்ரதாதகான், அர்தபானுகான், கோதர்ஸகான் என அவை மன்னர்களின் பெயரால் வழங்கியதால், ஒவ்வொரு மன்னரின் நினைவு வழிபாட்டுக்கும் தனித்தனி வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். மன்னன் மறைந்தபின்னும் அவன் பெயரிலேயே தோட்டத்தின் விளைச்சல் ஆண்டுதோறும் கோட்டைக்கு வந்து சேர்ந்த இந்த ஏற்பாட்டில், அரச வம்சத்தின் புகழ் உழவரின் உழைப்பை நிலையாக ஈர்க்கும் உரிமையாக மாறியிருந்தது. பார்த்தியாவின் நிசாவில் அரசக் கல்லறைகள் இருந்ததாகப் பண்டைய புவியியலாளர் காரக்ஸின் இசிடோர் எழுதியதும், கோட்டையின் சதுர மாளிகையில் 1948-இல் தந்தத்தாலான கொம்புக் குவளைகள் குவியலாகக் கிடைத்ததும் இதே திசையில்தான் சுட்டுகின்றன. முதலாம் மித்ரிடேட்ஸின் பெயரால் ‘மித்ரதாத்கெர்த்’ என்று ஓட்டெழுத்துகளே அழைக்கும் இவ்விடத்தை, ஆட்சி நகரைவிட வம்சத்தின் சடங்குக் கோட்டையாகக் கொள்வதே பொருத்தம்.

மேலும், பார்த்தியரிடம் ‘தலைநகர்’ என்பது மன்னனும் அவையும் அப்போது தங்கியிருந்த ஊரையே குறித்தது. அவர்கள் குளிர்காலத்தை டெசிஃபோனிலும் கோடையை எக்பதானாவிலும் ஹிர்கானியாவிலும் கழித்தனர் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ.

ஹெகாடோம்பைலோஸ் எங்கே? ஈரானின் தாம்கான் அருகேயுள்ள ஷஹ்ர்-இ குமிஸ் இடிபாடுகளே அது என்பது பெரும்பான்மைக் கருத்து.

டெசிஃபோனை ரோமர் கைப்பற்றினரா? இரண்டாம் நூற்றாண்டில் மட்டும் மும்முறை. முதலில் 116-இல் டிராஜன்.

அங்கே இன்றும் நிற்கும் பெரும் வளைவு பார்த்தியருடையதா? அன்று, 224-இல் அவர்களை வீழ்த்திய சாசானியர் கட்டியது.