கொல்லைக் கொட்டகையில் ஒரு கணக்கறை

கள்ளிக்குப்பம், மேனாம்பேடு பக்கத்துப் பழைய வீடுகளின் கொல்லையில் இன்னும் ஒரு மாட்டுக் கொட்டகையோ, மூட்டை போட்டு வைத்த அறையோ நின்றுகொண்டிருக்கும். மாடும் போயிற்று, மூட்டையும் கிடங்குக்குப் போயிற்று. காலி டின்களும் உடைந்த நாற்காலியும்தான் மிச்சம். அதையே கணக்கறையாக்கிக்கொண்டால், கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தபடியே கொள்முதல் பில்லைச் சரிபார்க்கும் அவஸ்தை தீரும்.

முதலில் வெளிச்சம். நமக்கு வடக்குச் சுவர்தான் லட்சுமி. சென்னை வட அட்சம் 13 டிகிரியில் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி உச்சிவெயில் தெற்கே சாய்ந்திருக்கும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மட்டும் சற்றே வடக்கே வரும். அதற்கு ஒரு சன்ஷேடு போதும். மற்ற நாளெல்லாம் வடக்கு ஜன்னலில் கண் கூசாத வெளிச்சம். மேற்கே ஜன்னல் வைத்தவர் மாலை மூன்று மணிக்கு மேல் பேரேட்டைத் திறக்கமாட்டார்!

கூரை மங்களூர் ஓடாக இருந்தால் அதிர்ஷ்டம். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆரம்பித்த ஓடு இது. அதே வார்ப்பில் கண்ணாடி ஓடும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு வடக்குச் சரிவில் நான்கைந்து மாற்றினால் போதும். மேசைக்கு நேர் மேலே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் துளை போடவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள்.

காற்றுக்கு, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) கட்டிய வீடுகளில் இதைப் பார்க்கலாம். இடித்த வீட்டுக் கதவு, ஜன்னலைக்கூட அவர் மறுபடி பயன்படுத்தினார். இருப்பதை வீணாக்காத அந்தப் போக்கு வியாபாரிக்குப் பிடிக்கும்.

மாடு கட்டிய சுவரில் உப்பு ஏறியிருக்கும். அடிப்பகுதிப் பூச்சை உதிர்த்துச் சில வாரம் உலரவிட்டு, சுண்ணாம்பாலேயே பூசி வெள்ளையடிக்க வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, மறுபடி உதிரும்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் காப்பாற்ற வேண்டும். 2024-25-ஆம் ஆண்டுக் கணக்கு 2031 டிசம்பர் முடியும்வரை இருந்தாக வேண்டும். 2015 டிசம்பரில் கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே தரையை உயர்த்துங்கள். பேரேடுகளை இடுப்புக்கு மேலே கடப்பா பலகையில் வையுங்கள்.

இன்னொன்று. கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் இடமும் அந்தச் சட்டத்தில் 'வணிக இடம்'தான். பதிவுச் சான்றில் அந்த முகவரியையும் கூடுதல் இடமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. மின்சாரத்தில் வீட்டுக்கு ஒரு கட்டணம், வியாபாரத்துக்கு ஒரு கட்டணம். பிரிவு அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஒயரிங் ஆளைக் கூப்பிடுங்கள்.