பேட்டரி ரிக்ஷாவின் நாடி

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தின் படிகளை விட்டு இறங்கும் பிரயாணியைச் சூழ்ந்துகொண்டு, சத்தமில்லாமல் வரிசையாக நிற்கும் பேட்டரி ரிக்ஷாக்களில் ஒன்றில், பூசா சாலையிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழாவுக்குப் போவதற்காக ஒரு நாள் மாலை நானும் ஏறி அமர்ந்தேன். சமதரையில் ஒழுங்காகச் சென்ற வண்டி, சிறியதொரு மேட்டில் முன்சக்கரத்தை வைத்ததும் இருமுறை உதறிவிட்டு நின்று போயிற்று. ஐந்து நிமிஷம் ஓய்ந்தபின் மறுபடி ஓடியது. அடுத்த மேட்டில் மறுபடி நின்றது. பேட்டரி நிறைந்திருப்பதாகவே கைப்பிடி அருகிலிருந்த விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. உடன் வந்த மூவரும் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டனர். எனக்கோ காரணத்தை அறிய வேண்டுமென்ற ஆவல் மிகுந்துவிட்டபடியால், ஓட்டுநரோடு அருகிலிருந்த சந்தில் ஒரு மிஸ்திரியின் பட்டறைக்குச் சென்றேன்.

2014-ஆம் வருஷம் டில்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் அளவுக்குச் சர்ச்சைக்குள்ளாகி, 2015-இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு அங்கீகாரம் பெற்ற இந்த வாகனத்திற்கு, நான்கு பிரயாணிகள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், 2000 வாட் சக்தி என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். அதன் அந்தரங்கம் மிக எளியது. இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு, ஒன்றன் வாலை மற்றொன்று பிடித்தாற்போல் இணைந்து 48 வோல்ட்டைத் தருகின்றன. அதைக் கன்ட்ரோலர் என்னும் பெட்டி, ஓட்டுநர் கைப்பிடியைத் திருகும் அளவுக்குத் தக்கபடி மோட்டாருக்குப் பங்கிட்டு அனுப்புகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 42 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி பாழாகாதிருக்கும் பொருட்டு அப்பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும்.

மிஸ்திரி முதலில் நான்கு பேட்டரிகளையும் தனித்தனியே மீட்டரால் அளந்தார். ஒவ்வொன்றும் 12.6 வோல்ட், குறையே இல்லை. ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. மிஸ்திரியின் முகம் மலரவில்லை. தம்முடைய சீடப் பிள்ளைகள் இருவரையும் என்னையும் வண்டியில் ஏற்றி, இருக்கைக்கு அடியிலிருந்து கம்பிகளை வெளியே இழுத்து மீட்டரில் மாட்டி, அதே மேட்டின்மேல் ஓட்டச் சொன்னார். மூன்று பேட்டரிகள் 11.5 வோல்ட்டில் தாக்குப் பிடித்தன. நான்காவது தடதடவென்று ஏழுக்கு இறங்கிற்று. கூட்டினால் 41.5. அக்கணமே வண்டி நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் நாடியைப் பார்த்துவிட்டு இருதயம் திடமாக இருக்கிறதென்று சொல்லும் வைத்தியனைவிட, அவனை மாடிப்படி ஏறச் செய்து மறுபடி நாடி பார்ப்பவனே கெட்டிக்காரன். யுனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் சாலையும், அவர் தோற்றுவித்த திப்பியா வைத்தியக் கல்லூரியும் உள்ள இந்தப் பேட்டையில் இந்தச் சூக்ஷுமம் மிஸ்திரிக்கும் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. ஓய்ந்திருக்கும் பேட்டரி தன் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும். சுமை ஏறினால்தான் அது அம்பலமாகும்.

நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவனுக்கு முழங்கால் பிசகினால் மற்ற மூவரின் பலமும் வீணாவது போல, தொடராக இணைந்த பேட்டரிகளில் ஒன்று சோர்ந்தால் போதும், வாகனம் முழுவதும் சோர்ந்துவிடும். ஆனால் ஒரே நாளில் வாங்கிய நான்கில் இது மட்டும் ஏன் நலிந்தது? மிஸ்திரி அதன் தலையிலிருந்து புறப்பட்ட மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். வண்டி எங்கே இருக்கிறதென்று சொந்தக்காரருக்குத் தெரிவிக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கு அந்த ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைக் களவாடியிருந்தார்கள். போதாக்குறைக்கு ஹாரனும் பாட்டுப் பெட்டியும் அதே பேட்டரியில். இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஒன்று மட்டும் வடிந்துகொண்டிருக்க, சார்ஜரோ நான்கையும் ஒன்றாகவே பாவித்து, மொத்தக் கணக்கு நிறைந்ததும் ஓய்ந்துவிடும். மூன்று அளவுக்கு மீறி உண்ண, ஒன்று பட்டினியிலேயே நாளைக் கழித்து, ஈயத் தகடுகளில் வெண்மையான உப்புப் படிந்து, கொள்ளளவை இழக்கும்.

எல்லா உபாதிக்கும் பேட்டரியே காரணமென்று நினைத்துவிடலாகாது. பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும் முனையோ, தளர்ந்த திருகோ 0.05 ஓம் தடையை உண்டாக்கினால், மேட்டில் 40 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரே இடத்தில் இரண்டு வோல்ட் விரயமாகி, 80 வாட் வெப்பமாக மாறும். கம்பியின் உறை உருகுவது இதனால்தான். மோட்டார் உதறினால் அதனுள்ளிருக்கும் சிறு உணர்விகளையும், அடியோடு அசையாவிட்டால் பிரேக்கில் சிக்கிக்கொண்ட ஸ்விட்சையும் சந்தேகிக்க வேண்டும். எதைத் தொடுமுன்னும் மெயின் ஸ்விட்சை அணைத்து, மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவது உத்தமம். இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் கண்ணைப் பறிக்கும் பொறி எழும். மிஸ்திரியின் ஸ்பானரில் பிடி முழுவதும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிப்போர் படகின் முகப்பில் பொருத்தும் மின் மோட்டாருக்கும் இதே சாஸ்திரந்தான். 1934-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் பிறந்த மின் கோட்டா போன்ற கம்பெனிகளின் இக்காலத்து மோட்டார்கள், ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். உபகிரகங்களைக் கேட்டறிந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளினாலும் நங்கூரமின்றியே படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. காற்று வலுக்க வலுக்க மோட்டார் அதிகம் உழைக்க, பேட்டரி பலவீனமாயிருந்தாலும் கம்பி மெல்லியதாயிருந்தாலும் அழுத்தம் சரிய, திசையறியும் மின்னணுப் பகுதி மயங்கி, படகு இடம் பெயரத் தொடங்கும். உடையவர் வானத்தை நோக்கி உபகிரகத்தைச் சந்தேகிப்பார். பிழையோ காலடியில், களிம்பு பிடித்த ஒரு திருகில் இருக்கும்.

மிஸ்திரி அந்தச் சிவப்புக் கம்பியைக் கழற்றி, நான்கு பேட்டரிகளிலும் சமமாக வாங்கி 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் இணைத்தார். மெலிந்த பேட்டரியைத் தனியே ஓரிரவு மெதுவாகச் சார்ஜ் செய்து பார்க்கலாம் என்றும், தேறாவிட்டால் பழசோடு புதுசைச் சேர்ப்பதிலும் சங்கடம் உண்டென்றும் சொல்லி அனுப்பினார். மேடுகளைத் தவிர்த்து ஊர்ந்தே வந்த அந்த வண்டியில் நான் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது, மேடையில் வந்தனோபசாரம் நடந்துகொண்டிருந்தது.